ஒரே பெட்டியில் மூன்று வேலை

கேள்வி: பணி ஓய்வு பெற்றுவிட்டேன். வீட்டின் பின்பக்கம் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு ஷெட் இருக்கிறது. பூந்தொட்டி ஸ்டாண்டு, மாடிக் கைப்பிடி, கை பழகினால் ஒரு கேட் என்று இரும்பு வேலை செய்து பொழுதைப் போக்க ஆசை. எஸ்.பி. ரோட்டில் ஆர்க் வெல்டிங், டிக் வெல்டிங், பிளாஸ்மா கட்டிங் மூன்றும் ஒரே பெட்டியில் இருக்கும் மெஷினைக் காட்டினார்கள். தனித்தனியாக வாங்கினால் ஆகும் விலையில் பாதிதான். வாங்கலாமா? (பெயர் போட வேண்டாம். வீட்டில் இந்தப் பக்கத்தைப் படிப்பார்கள்.)

ஒரு வாசகர், லிங்கராஜபுரம், பெங்களூரு

பதில்: வேண்டாம்.

இதோடு நிறுத்தினால் வரும் சனிக்கிழமையே எஸ்.பி. ரோட்டுக்குக் கிளம்பிவிடுவீர்கள். ‘தகொள்ளி சார் (வாங்கிக்கொள்ளுங்கள் சார்), த்ரீ இன் ஒன்!’ என்று அங்கே கேட்கிற குரலுக்கு முன்னால் என் ஒரு சொல் எம்மாத்திரம்? நானும் அந்தக் குரலுக்கு மயங்கியவன்தான். அதனால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வாங்கிய பெட்டி மூன்றாவது வருஷம் படுத்தது. மகள் வீட்டுக் கைப்பிடி வேலை பாதியில் நின்றது. ஸ்விட்சைப் போட்டேன், ‘பட்’டென்று ஒரு சத்தம், அப்புறம் கருகல் வாசனை. பழுது பார்ப்பவர் மூடியைக் கழற்றி, பெயிண்ட் பிரஷ்ஷால் உள்ளே இருந்த கறுப்புப் பொடியைத் தள்ளிச் செய்தித்தாளில் கொட்டினார். கை கொள்ளும் அளவு இருக்கும். ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைத் தாளுக்கு அடியில் கொண்டுபோனதும் பொடி முள் முள்ளாக எழுந்து நின்றது. எல்லாம் நான் கிரைண்டர் போட்டபோது பறந்த இரும்புத் தூள். பெட்டியின் ஃபேன் அத்தனையையும் உள்ளே இழுத்து சர்க்யூட் போர்டின் மேல் படியவிட்டிருக்கிறது. “எல்லாத்துக்கும் ஒரே போர்டு சார். கட்டிங் போச்சுன்னா வெல்டிங்கும் போச்சு” என்றார். கைப்பிடியை முடிக்கப் பக்கத்துத் தெருப் பட்டறையில் இருபது வருஷத்துப் பழைய வெல்டிங் செட்டை இரவல் வாங்கினேன்.

பிளாஸ்மா கட்டிங் கையில் இருக்கும்போது கிரைண்டரை எதற்கு எடுத்தீர் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

பிளாஸ்மா மின்சாரத்தால் மட்டும் வெட்டுவதில்லை. அழுத்தக் காற்று வேண்டும். கையில் பிடித்து வெட்டும் சின்ன டார்ச்சுக்கே நாலைந்து பார் அழுத்தத்தில், நிற்காமல் வர வேண்டும். அதாவது ஒரு கம்ப்ரசர். கடையில் பெட்டியைக் காட்டியவர்கள் கம்ப்ரசரைக் காட்டியிருக்க மாட்டார்கள். கம்ப்ரசர் வாங்கினால் காற்றில் தண்ணீர் வரும். ஜூலை மாத பெங்களூரில் கேட்கவே வேண்டாம். அதைப் பிரிக்க ஒரு ஃபில்டர். அது சரியில்லை என்றால் டார்ச்சின் மூக்கில் இருக்கும் செப்பு எலக்ட்ரோடு சீக்கிரம் போகும். அதன் நடுவில் மிளகைவிடச் சின்னதாக ஒரு ஹாஃப்னியம் பொட்டு பதித்திருக்கும். ஆர்க், அதாவது வெட்டுகிற மின்பொறி, நிற்பது அந்தப் பொட்டின் மேல்தான். அதில் குழி விழுந்தால் எலக்ட்ரோடை மாற்ற வேண்டும், கூடவே பெரும்பாலும் நாசிலையும்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும், மலிவான த்ரீ இன் ஒன் பெட்டிகள் பலவற்றில் பைலட் ஆர்க், அதாவது தகட்டைத் தொடாமலே டார்ச்சுக்குள் பிடிக்கும் முதல் பொறி, கிடையாது. வெறும் இரும்பைத் தொட்டால்தான் ஆர்க் பிடிக்கும். பெயிண்ட் அடித்த தகடு, துருப்பிடித்த பைப் என்றால் முதலில் சுரண்டியாக வேண்டும். எதால் சுரண்டுவது? கிரைண்டரால். வெட்டி முடித்த பிறகு அடி ஓரத்தில் ஒட்டியிருக்கும் கட்டியை எடுக்க? அதற்கும் கிரைண்டர். ஒரு ஸ்கொயர் டியூபை நாலு இஞ்ச் கட்டிங் வீல் அரை நிமிஷத்தில் நேராக அறுத்துத் தரும்போது, கம்ப்ரசர் நிரம்பும்வரை காத்திருந்து பிளாஸ்மாவில் வெட்ட எனக்குப் பொறுமை இல்லை. நீங்கள் சொல்லும் ஸ்டாண்டும் கேட்டும் பைப், ஆங்கிள், பட்டை வேலை. அதற்குப் பிளாஸ்மா தேவையே இல்லை. தகட்டில் வளைவாக, பூ வேலையாக வெட்டுகிறவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சரி, கரண்ட் கணக்குக்கு வருவோம். வெல்டிங்குக்கு வோல்ட் குறைவு, ஆம்பியர் அதிகம். 12 நம்பர் ராடை, அதாவது 2.5 மி.மீ. ராடை, 80 ஆம்பியரில் எரித்தால் ஆர்க்கில் இருப்பது சுமார் 23 வோல்ட். இரண்டு கிலோவாட்டுக்கும் கீழே. இன்வெர்ட்டர் வகை வெல்டிங் மெஷின் அதைச் சுவரில் இருக்கும் 16 ஆம்பியர் பிளக்கிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பிளாஸ்மா நேரெதிர். 40 ஆம்பியரில் வெட்ட 95 வோல்ட் போல வேண்டும். ஆர்க்கிலேயே 3.8 கிலோவாட் ஆகிவிட்டது. மெஷினுக்குள் வீணாவதையும் சேர்த்தால் நாலரை. அதே 16 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் தருவது 3.7 தான். வெட்டுகிற அதே நேரத்தில் 2 எச்.பி. கம்ப்ரசரும் ஓட வேண்டும், அது ஒன்றரை. உங்கள் பெஸ்காம் கரண்ட் பில்லை எடுத்து, அனுமதித்த லோடு எத்தனை கிலோவாட் என்று பாருங்கள். மூன்று என்று இருந்தால், ஷெட்டில் நீங்கள் டார்ச்சை அழுத்தியதும் எம்.சி.பி. விழுந்து, வீட்டில் டி.வி. அணையும். ரகசியமும் அன்றே வெளியாகிவிடும்.

ஒரே போர்டை இப்படி இரண்டு எதிரெதிர் வேலைக்கும் இழுப்பதால்தான் இந்தப் பெட்டி இரண்டிலும் சுமாராக இருக்கிறது. கூடவே இணைப்பை மாற்றும் வேலை வேறு. ஆர்க்குக்கு ஹோல்டர், கட்டிங்குக்கு அந்த டார்ச், காற்றுக் குழாய், எர்த் கேபிளை இங்கிருந்து பிடுங்கி அங்கே. ஒரு ஸ்டாண்டு செய்து முடிப்பதற்குள் பத்து முறை. ஒருநாள் எரிச்சலில் டிக் டார்ச்சைக் கழற்றாமலே ஆர்க்குக்குத் திருப்பினேன். ஆர்க்கில் வைத்தால் அவுட்புட்டில் எப்போதும் வோல்ட் இருக்கும் என்பது, மேஜை மேல் கிடந்த டார்ச்சின் முனை தகட்டில் பட்டுப் பொறி பறந்தபோதுதான் நினைவுக்கு வந்தது.

டிக் பற்றி. டங்ஸ்டன் முனையில் ஆர்க் பிடித்து, காற்றுப் படாமல் வாயு மூடலுக்குள் ஒட்டும் முறை. அழகான வேலை, மறுக்கவில்லை. 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விமானங்களுக்கு மெக்னீசியம் ஒட்டுவதற்காக உருவான முறை. ஆனால் அதற்கு ஆர்கான் வாயு வேண்டும். பெரிய சிலிண்டர் 7 கன மீட்டர். நிமிஷத்துக்கு 8 லிட்டர் விட்டால் பதினாலு மணி நேரத்துக்குமேல் எரியும். பூந்தொட்டி ஸ்டாண்டு வேகத்தில் உங்களுக்கு அது வருஷக்கணக்கில் வரும். அந்த வருஷமெல்லாம் நெஞ்சுயரச் சிலிண்டர் ஒன்று உங்கள் பத்துக்குப் பன்னிரண்டில் சங்கிலி போட்டு நிற்கும். அலுமினிய ஏணியை ஒட்டிக்கொள்ளலாம் என்ற நினைப்பு இருந்தால் அதையும் விடுங்கள். இந்தப் பெட்டிகளில் பொதுவாக டி.சி. மட்டும்தான். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதன் மேல் படிந்த ஆக்சைடு தோல் உருக 2000-க்கு மேல் வேண்டும். அந்தத் தோலை உடைக்க ஏ.சி. வேண்டும்.

டியூட்டி சைக்கிள் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது உங்களுக்குப் பொருட்டே இல்லை. 60 சதவீதம் என்றால் பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம் எரிக்கலாம். ஒரு 12 நம்பர் ராடு எரிய ஒரு நிமிஷம், கசடு தட்டிப் பார்த்துப் பெருமைப்பட இரண்டு நிமிஷம். தாராளமாகப் போதும்.

என்ன வாங்குவது? 200 ஆம்பியர் என்று போட்டிருக்கும் தனி ஆர்க் வெல்டிங் இன்வெர்ட்டர், பழுது பார்க்க ஆள் பக்கத்திலேயே இருக்கும் கம்பெனியாகப் பார்த்து ஒன்று. நாலு இஞ்ச் கிரைண்டர். பைப் நிறைய வெட்டுவதானால் 14 இஞ்ச் கட் ஆஃப் மெஷின். தானாகக் கறுக்கும் ஹெல்மெட், தோல் கையுறை. மிச்சப் பணத்தில் 6013 என்ற வகை ராடு நாலு பாக்கெட் வாங்கி, கழிவு ஆங்கிளில் எரித்துத் தீருங்கள். கை அப்போதுதான் வரும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பை மட்டும் மூடிய ஷெட்டில் ஒட்டாதீர்கள்; துத்தநாகப் புகை ராத்திரி காய்ச்சலாக வரும். பூ வேலைத் தகடு எப்போதாவது தேவைப்பட்டால் பீன்யா தொழிற்பேட்டையில் படத்தைக் கொடுத்தால் லேசரில் வெட்டித் தருகிறார்கள். மெஷினை வேலை முடிந்ததும் மூடி வையுங்கள்; கிரைண்டர் போடும்போது ஷெட்டின் அடுத்த மூலைக்குத் தள்ளிவிடுங்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரே பெட்டி ஆசை திரும்ப வந்தால், மிக் (கம்பிச் சுருள் தானாக ஓடி வரும் வெல்டிங்), டிக், ஆர்க் மூன்றும் சேர்ந்த வகையைப் பாருங்கள். மூன்றுமே வெல்டிங், வோல்ட் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான், போர்டுக்கும் சித்திரவதை இல்லை. கட்டிங் சேர்ந்த பெட்டி யாருக்கு என்றால், பெயிண்ட் ஸ்ப்ரேக்கு ஏற்கெனவே நல்ல கம்ப்ரசர் வைத்திருப்பவர், பழைய கார் பாடித் தகட்டை மாதத்துக்கு ஒருமுறை வெட்டி ஒட்டுகிறவர். அவருக்குக்கூட வாரன்டிச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

நீங்கள் கேட்டபடி பெயரைப் போடவில்லை. ஹெல்மெட்டை எங்கே ஒளித்துவைப்பது என்பது உங்கள் பாடு.