டைலைத் தட்டினால் சத்தம்: புது பிடிஓ வீட்டில் எது குறை, எது இல்லை?

வாசகி ஒருவரின் கேள்வி: சிங்கப்பூரின் தெங்காவில் பிடிஓ வீட்டுச் (முன்பதிவுக்குப் பின் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டித் தரும் வீடு) சாவி வாங்கியிருக்கிறோம். ஹாலில் சில டைல்களைத் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் வருகிறது, சுவரில் முடியளவு விரிசல், கதவுகளில் கனமே இல்லை. 1980களில் கட்டிய எங்கள் அங் மோ கியோ வீட்டோடு ஒப்பிட்டு, "இப்பெல்லாம் கட்டுறதே சரியில்ல" என்கிறார் அப்பா. அடுத்த மாதம் ரெனவேஷன் தொடங்கலாமா?

முதலில் ரெனவேஷனைத் தள்ளிப் போடுங்கள். உங்கள் கான்ட்ராக்டர் டைல் மேல் ஏணி வைத்துச் சுவரில் துளை போட்ட பிறகு நீங்கள் புகார் கொடுத்தால், யார் உடைத்தது என்ற வாக்குவாதத்திலேயே காலம் ஓடிவிடும்.

அப்பா சொல்வதில் பாதி, பொருள் மாறியதைப் பற்றியது. கனமில்லாத கதவு, படுக்கையறை வினைல் தரை, குளியலறை மடக்குக் கதவு எல்லாம் வீவக முன்கூட்டியே சொல்லிக் கொடுப்பவைதான், பிடிக்கவில்லை என்றால் அது ரசனை. ஆனால் கதவு நிலையில் இடிக்கிறது, தாழ் விழவில்லை என்றால் குறை, எழுதிக் கொடுங்கள். பழைய வீட்டையும் ரொம்பப் புகழ வேண்டாம். அந்தத் தலைமுறை வீடுகளில் எத்தனை குளியலறைக் கூரைகளில் கம்பி துருப்பிடித்துக் காங்கிரீட் பெயர்ந்திருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் கேட்டாலே தெரியும்.

இப்போது சுவர், தளம், சில இடங்களில் முழுக் குளியலறையே ஆலையில் வார்த்து வருகிறது. அதனால் பரப்பு நேராக இருக்கும், கனமாகப் பூசும் வேலை குறைவு. கட்டுமான இடத்தில் ஆள் கையால் செய்வது மூட்டுகளும் டைலும் வடிகால் சரிவும்தான், தப்பு நடப்பதும் பெரும்பாலும் அங்கேதான். ஆகவே சுவர் நடுவில் டார்ச் அடித்துப் பார்ப்பதைவிட ஜன்னல் சட்டத்தைச் சுற்றியுள்ள சீலண்ட் (இடைவெளியை அடைக்கும் பசை), வார்த்த சுவர்ப் பலகைகள் சேரும் கோடு, குளியலறைத் தரையின் மூலை ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டுக் காத்திருங்கள், வடிகாலுக்குப் போகாமல் தேங்கினால் சரிவு சரியில்லை. நல்ல மழை நாளில் ஒருமுறை போய் ஜன்னல் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள், இதை யாருமே செய்வதில்லை.

டைல் சத்தம் மட்டும் இருந்தால் அது குறை ஆகாது, அடியில் கலவை எல்லா இடமும் நிரம்பாததால்கூட வரும். காலடியில் ஆடினால், விளிம்பு தூக்கினால், விரிசல் விட்டால் உடனே சொல்லுங்கள். சத்தம் வரும் டைல்களில் டேப் ஒட்டிப் படம் எடுத்து வையுங்கள். மூட்டுகளில் வரும் முடியளவு விரிசல் பெரும்பாலும் பூச்சு காய்ந்து சுருங்குவதால்தான், பூசிப் பெயின்ட் அடித்தால் போதும். விரிசலில் நாணயத்தின் விளிம்பு நுழைந்தால், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடினால், ஈரம் தெரிந்தால் அலட்சியம் வேண்டாம்.

"எங்கள் திட்டத்துக்கு நல்ல கான்குவாஸ் (கட்டுமானத் தர மதிப்பீடு) மதிப்பெண்" என்று ஆறுதல் அடைபவர்கள் உண்டு. 1989இல் தொடங்கி, இப்போது கட்டட, கட்டுமான ஆணையம் நடத்தும் அந்த மதிப்பீடு மாதிரி எடுத்துப் பார்ப்பது, உங்கள் வீட்டுச் சமையலறையைப் பார்த்தார்கள் என்று அர்த்தமில்லை.

குறைபாட்டுப் பொறுப்புக் காலம், அதாவது கட்டியவரே குறைகளைச் சரிசெய்து தர வேண்டிய காலம், சாவி வாங்கியதிலிருந்து ஓராண்டு. குறைகளை அறைவாரியாக எழுதி, படத்தோடு உங்கள் திட்டத்தின் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள், சேர்ந்து பார்க்க வருபவரிடம் ஒவ்வொன்றையும் காட்டுங்கள், சரிசெய்து முடித்ததை நீங்களே பார்த்த பிறகுதான் உங்கள் கான்ட்ராக்டருக்குத் தேதி கொடுங்கள். அப்புறம், அவர் குளியலறை டைலை முழுவதும் உடைத்துப் புதிதாகப் போடலாம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நீர்த்தடுப்புப் படலம் கெடும் என்பதால் புது வீட்டில் முதல் 3 ஆண்டுகளுக்கு அங்கே சுவர், தரை டைலை அகற்ற அனுமதி இல்லை. பாம் ஷெல்ட்டர் (வீட்டுக்குள் இருக்கும் குண்டுவீச்சுப் பாதுகாப்பறை) சுவரை உடைக்கும் பேச்சே வேண்டாம்.

ஓராண்டு முடிந்ததும் எல்லாம் போச்சு என்று நினைக்காதீர்கள். குளியலறை, சமையலறைக் கூரைக் கசிவுக்கும் வெளிச்சுவர் வழி நீர் ஊறுவதற்கும் 5 ஆண்டு, காங்கிரீட் பெயர்வதற்கு 10 ஆண்டு உத்தரவாதம் உண்டு, எனவே மூன்றாம் ஆண்டில் மேல் வீட்டிலிருந்து கசிந்தாலும் முதலில் வீவகவையே கூப்பிடுங்கள்.