கலோரிக் கணக்கில் சட்னி எங்கே?

வாசகர் கேள்வி - பதில்

கலோரி எண்ணி எடை குறைப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். பாக்கெட்டிலும் ஆப்பிலும் ‘கலோரி’ என்று இருப்பது கிலோகலோரியைத்தான் குறிக்கிறது. இங்கேயும் அப்படியே எழுதியிருக்கிறோம்.

கேள்வி: வயது 42, உயரம் 156 செ.மீ., எடை 72 கிலோ. மூன்று மாதமாகச் சாப்பிடுவதையெல்லாம் ஆப்பில் பதிந்து, தினம் 1,300 கலோரிக்குள் நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் குறைந்தது ஒரே ஒரு கிலோ. கலோரி எண்ணுவதே வீண் வேலையா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: வீண் வேலை இல்லை. கணக்கில் எங்கோ ஓட்டை இருக்கிறது. அது எவ்வளவு பெரியது என்பதை உங்கள் எடையே சொல்லிவிடும்.

முதலில் உங்கள் உடலின் செலவைப் பார்ப்போம். மிஃப்லின் - செயின்ட் ஜியோர் என்ற வாய்ப்பாடு உண்டு. எடையை 10-ஆலும் உயரத்தை 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதை 5-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். பெண்கள் அதிலிருந்து 161-ஐக் கழிக்க வேண்டும், ஆண்கள் 5 கூட்ட வேண்டும். உங்களுக்கு 720 + 975 - 210 - 161 = 1,324. சும்மா படுத்திருந்தாலே ஆகும் செலவு இது. வீட்டு வேலை, நடமாட்டம் எல்லாம் சேர்த்து இதை 1.35-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1,790 வரும். இந்த வாய்ப்பாடு நம்மவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே காட்டும் என்பதால் 1,650 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிஜமாகவே 1,300 சாப்பிட்டிருந்தால் தினம் 350 பற்றாக்குறை. 90 நாளில் 31,500. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருப்பதால், 4 கிலோ இறங்கியிருக்க வேண்டும். இறங்கியது ஒன்று. அப்படியானால் உண்மையான பற்றாக்குறை தினம் 85 கலோரிதான். ஏறக்குறைய 265 கலோரி உங்கள் ஆப்புக்குத் தெரியாமல் வயிற்றுக்குள் போகிறது.

இதில் குற்ற உணர்வுக்கு இடமே இல்லை. எவ்வளவு குறைத்தாலும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 1992-இல் வெளியானது. அவர்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உழைத்ததை 51 சதவீதம் கூட்டியும் எழுதியிருந்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. கண்ணளவு அப்படித்தான் ஏமாற்றும்.

தேட வேண்டிய இடங்கள் சில. காபியை முதலில் பாருங்கள். நிறைகொழுப்புப் பால் 100 மி.லி., சர்க்கரை இரண்டு டீஸ்பூன் என்றால் ஒரு காபி 130 கலோரிக்குக் குறையாது. மூன்று காபி குடித்தால் 390. ஆப்பில் ‘காபி’ என்று மட்டும் தட்டினால் அது வெறும் டிகாஷனுக்கான 2 கலோரியைக் காட்டிவிடக்கூடும். சமன்படுத்தப்பட்ட பாலும் ஒரு டீஸ்பூன் சர்க்கரையும் என்று மாற்றினால் அதே காபி 80-க்கு இறங்கும்.

அடுத்தது எண்ணெய். ஒரு டீஸ்பூன் 40 கலோரி, ஒரு மேசைக்கரண்டி 120. ‘கொஞ்சம் ஊற்றினேன்’ என்பது பெரும்பாலும் டீஸ்பூன் இல்லை, மேசைக்கரண்டி. அதற்குப் பிறகு சமைக்கும்போது ருசி பார்ப்பது, பிள்ளைகள் தட்டில் மிஞ்சியதை வீணாக்க மனமில்லாமல் வாயில் போட்டுக்கொள்வது. நம் வீட்டுப் பெண்களின் கணக்கில் ஒருநாளும் ஏறாதவை இவைதான்.

இரண்டு வாரம், சாப்பிட்ட பிறகு நினைவிலிருந்து எழுதாமல், தட்டில் போடும்போதே எடைபோட்டு எழுதுங்கள். ஓட்டை பிடிபட்டுவிடும். ஒருமுறை தைராய்டு பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். ஆனால் எடை முழுவதையும் அதன் தலையில் கட்ட முடியாது.

கேள்வி: ஆப்பில் ‘ஒரு கப் சாம்பார்’ என்றால் ஓர் எண் வருகிறது, இன்னொரு ஆப்பில் அதற்கு இரண்டு மடங்கு வருகிறது. ஐந்து பேருக்குச் சேர்த்துச் சமைக்கும் வீட்டில் என் பங்கை எப்படி அளப்பது?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஆப்பில் இருக்கும் சாம்பார் யாரோ ஒருவர் வீட்டுச் சாம்பார். அதை நம்ப வேண்டாம். 5 கிலோ வரை, ஒரு கிராம் துல்லியத்தில் காட்டும் டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை அடுப்பு மேடையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முறை இதுதான்: காலிப் பாத்திரத்தின் எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். போடும் பொருள்களைச் சமைக்காத நிலையிலேயே எடைபோட்டுக் கலோரியைக் கூட்ட வேண்டும். சமைத்து முடித்ததும் பாத்திரத்தோடு எடைபோட்டு, பாத்திர எடையைக் கழிக்க வேண்டும். மொத்தக் கலோரியை அந்த எடையால் வகுத்தால் ஒரு கிராமுக்கு எவ்வளவு என்று வரும். உங்கள் தட்டில் விழுந்த கிராமால் பெருக்கினால் உங்கள் பங்கு.

தேங்காய்ச் சட்னியை எடுத்துக்கொள்வோம். தேங்காய்த் துருவல் 120 கிராம், சுமார் 450 கலோரி. பொட்டுக்கடலை 30 கிராம், 110. தாளிக்க எண்ணெய் இரண்டு டீஸ்பூன், 80. மிளகாய், உப்பு, இஞ்சி கணக்கிலேயே வராது. மொத்தம் 640. தண்ணீர் விட்டு அரைத்து எடைபோட்டால் 320 கிராம் என்று வையுங்கள். கிராமுக்கு 2 கலோரி. ஒரு கரண்டி 50 கிராம் என்றால் 100 கலோரி. 45 கிராம் இட்லி ஒன்றில் சுமார் 60 கலோரிதான். நான்கு இட்லிக்கு 240, தொட்டுக்கொண்ட இரண்டு கரண்டிச் சட்னிக்கு 200. நான்கு இட்லியை மூன்றாகக் குறைத்துவிட்டுச் சட்னியை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டால் கலோரி கூடியிருக்கிறதே தவிர, குறையவில்லை. அதே இட்லிக்குச் சாம்பாரை நிறைய ஊற்றிக்கொண்டு சட்னியை ஒரு கரண்டியோடு நிறுத்துங்கள்.

சாதத்துக்கும் இதே முறைதான். அரிசி 100 கிராமுக்கு 350 கலோரி என்பது மாறாது. வெந்த சாதம் தண்ணீர் குடிப்பதைப் பொறுத்து மாறும். 300 கிராம் அரிசி 850 கிராம் சாதமானால் 100 கிராம் சாதம் 124 கலோரி, குழைந்து 1,000 கிராமானால் 105. ‘சமைத்த சாதம்’ என்று பதிய வேண்டியதை ‘அரிசி’ என்று பதிந்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. கணக்கு மூன்று மடங்கு உதைக்கும்.

கூட்டுக் குடும்பத்தில் தினமும் இப்படி அளப்பது நடக்காத காரியம். வாரத்தில் திரும்பத் திரும்பச் சமைப்பது பத்துப் பதினைந்து அயிட்டங்கள்தான் இருக்கும். ஒவ்வொன்றையும் ஒருமுறை அளந்து, கிராமுக்கு எவ்வளவு என்று அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டால் போதும்.

கேள்வி: இரவில் சாதத்தை விட்டுவிட்டுச் சப்பாத்திக்கு மாறிவிட்டேன். சிறுதானியத்துக்கு மாறினால் இன்னும் குறையுமா?
- வாசகர், ஈரோடு

பதில்: அரிசி, கோதுமை மாவு, தினை, சாமை எல்லாமே சமைக்காத 100 கிராமுக்கு ஏறக்குறைய 320 முதல் 350 கலோரிதான். 30 கிராம் மாவில் போட்ட ஒரு சப்பாத்தி 100 கலோரி. மேலே எண்ணெய் ஒரு டீஸ்பூன் தடவினால் 140. நான்கு சப்பாத்தியும் குருமாவும் என்றால் விட்டுவந்த சாதத்தைத் தாண்டிவிடும். சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல், சிலருக்குச் சீக்கிரம் வயிறு நிறையும், அது நல்லதே. ஆனால் ‘தினைதானே’ என்று இரண்டு தட்டு பொங்கல் நெய்யோடு சாப்பிட்டால் எடை குறையாது.

கேள்வி: காலையில் நடந்து முடித்ததும் கைக்கடிகாரம் 450 கலோரி செலவானதாகக் காட்டுகிறது. அந்த அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிடலாமா?
- வாசகர், கோவை

பதில்: வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட ஏழு கருவிகளைச் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை சரியாகக் காட்டின. கலோரியில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது, மிக மோசமானது 93 சதவீதம். 70 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் நடந்தால், உட்கார்ந்திருந்தாலும் ஆகியிருக்கும் செலவைக் கழித்தது போக, 35 கலோரி அளவில்தான் கூடுதலாகச் செலவாகும். ஐந்து கிலோமீட்டருக்கு 175. வழியில் ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட டீயும் சாப்பிட்டால் அது சரியாகிவிட்டது. நடையை விடாதீர்கள். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும், குறைந்த எடை மீண்டும் ஏறாமல் இருப்பதற்கும் அது உதவும். நடையை உணவுக் கணக்கில் மட்டும் வரவு வைக்க வேண்டாம்.

கேள்வி: நான்கு மாதத்தில் 84 கிலோவிலிருந்து 78-க்கு வந்தேன். ஒரு மாதமாக அசையவே இல்லை. அதே கலோரிதான். வாழ்நாள் முழுக்க இப்படி எண்ணிக்கொண்டே இருக்க வேண்டுமா?
- வாசகர், சென்னை

பதில்: முதலில் நிஜமாகவே நின்றுவிட்டதா என்று பாருங்கள். காலையில் எழுந்து, கழிப்பறை போய்வந்து, காபிக்கு முன் தினமும் எடை பாருங்கள். ஒற்றை எண்ணைப் பார்க்காமல் ஏழு நாள் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். பிரியாணி சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ ஏறினால் அது உப்பும் மாவுச்சத்தும் பிடித்துவைத்த தண்ணீர். ஒரு கிலோ கொழுப்பு சேர 7,700 கலோரி உபரி வேண்டும், ஒரு விருந்தில் அது நடக்காது. டயட் தொடங்கிய முதல் வாரம் இரண்டு கிலோ இறங்குவதும் பெரும்பகுதி தண்ணீர்தான். பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டி எடை ஏறி இறங்கும், அவர்கள் சென்ற மாதத்தின் அதே நாளோடு ஒப்பிட வேண்டும். இடுப்பையும் டேப்பால் அளந்து வாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் அது நமக்கு எச்சரிக்கைக் கோடு.

சராசரியும் இடுப்பும் நான்கு வாரமாக அசையவில்லை என்றால், காரணம் இரண்டு. 6 கிலோ குறைந்த உடல் தினம் 80, 100 கலோரி குறைவாகவே செலவழிக்கும், பசியும் கூடும். கூடவே அளவு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்திருக்கும். தொடக்கத்தில் தராசில் வைத்த நிலக்கடலையை இப்போது கைப்பிடியால் அள்ளுவீர்கள். தினம் 100 கலோரி குறைத்தால் ஆண்டுக்கு நாலரைக் கிலோவுக்கு மேல், அடுத்த ஆண்டு இன்னொரு நாலரை என்று நேர்க்கோட்டில் கணக்குப் போடுவது அதனால்தான் பொய்த்துப்போகிறது. அந்த 100 கலோரியால் மொத்தமாக நான்கு கிலோ அளவில் குறைந்து எடை நிலைக்கும். அதில் பாதி இறங்கவே ஓராண்டு ஆகும்.

வாழ்நாள் முழுக்க எண்ண வேண்டியதில்லை. மூன்று வாரம் ஒழுங்காக அளந்தவருக்குக் கையும் கண்ணும் பழகிவிடும். அதற்குப் பிறகு வீட்டு அளவுகளைப் பிடித்துக்கொள்ளலாம். சமையல் எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர். மாதத் தொடக்கத்தில் வாங்கி, அது தீர்ந்தால் வேறு வாங்கக் கூடாது. ரைஸ் குக்கரோடு வரும் அளவு கப்பில் ஒரு கப் அரிசி 150 கிராம், அது இரண்டு பேருக்கு ஒரு வேளை. ஒவ்வொரு வேளையும் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் என்று ஏதாவது ஒரு புரதம் இருக்கட்டும். அது பசியைத் தாங்கும், எடை இறங்கும்போது தசை கரைவதையும் தடுக்கும். சாப்பாட்டில் பாதித் தட்டு காய். எடை இரண்டு கிலோ ஏறினால் மறுபடி ஒரு வாரம் தராசை எடுங்கள்.

எண்ணாமலே குறைக்கவும் முடியும். 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 609 பேரைக் கொழுப்பைக் குறைத்த அணி, மாவுச்சத்தைக் குறைத்த அணி என்று பிரித்தார்கள். யாருக்கும் கலோரி வரம்பு வைக்கவில்லை. காய்கறி நிறைய, சர்க்கரையும் மைதாவும் குறைவு, முடிந்தவரை வீட்டுச் சமையல் என்பது இரண்டுக்கும் பொது. ஓராண்டில் ஓர் அணி சராசரியாக 5.3 கிலோவும், இன்னொன்று 6 கிலோவும் குறைத்தன. ஆனால் சட்னியையும் காபியையும் ஒருமுறையாவது அளந்து பார்த்தவருக்கே எதைக் குறைப்பது என்று தெரியும் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: கணவருக்குச் சர்க்கரை நோய், மாத்திரை சாப்பிடுகிறார். 800 கலோரி டயட்டில் சர்க்கரையே போய்விடும் என்று வீடியோ பார்த்துவிட்டுத் தொடங்கப்போகிறேன் என்கிறார்.
- வாசகி, திருநெல்வேலி

பதில்: வீட்டில் தானாகத் தொடங்க விடாதீர்கள். பிரிட்டனில் 2017-இல் வெளியான டைரக்ட் ஆய்வில் தினம் 850 கலோரிக்குள் மூன்று முதல் ஐந்து மாதம் கொடுத்தபோது, ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது உண்மை. ஆனால் அங்கே சர்க்கரை மாத்திரைகளையும் ரத்த அழுத்த மாத்திரைகளையும் முதல் நாளிலேயே மருத்துவக் குழு நிறுத்தியது. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டே உணவை வெட்டினால் சர்க்கரை தடாலென்று இறங்கும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் வந்தால் உடனே அளந்து பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள். மருந்துச் சீட்டோடு மருத்துவரிடம் போய், எடை குறைக்கப்போவதாகச் சொல்லி, அளவை மாற்றி எழுதி வாங்கிய பிறகு தினம் 300, 400 கலோரி குறைப்பதிலிருந்து தொடங்கலாம்.

மற்றவர்களும் மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் பெண்கள் 1,200-க்கும் ஆண்கள் 1,500-க்கும் கீழே போக வேண்டாம். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் இந்தக் கணக்குப் பக்கமே வர வேண்டாம்.

கேள்வி: 15 வயது மகள் ஒவ்வொரு வாய்க்கும் கலோரி பார்க்கிறாள். தோசைக்கு எண்ணெய் விட்டால் அழுகிறாள். குண்டாக இல்லை. இரண்டு மாதமாக மாதவிலக்கும் வரவில்லை.
- தாயார், மதுரை

பதில்: அம்மா, இதைத் தள்ளிப்போடாதீர்கள். மாதவிலக்கு நின்றிருப்பது உணவு பற்றாத உடல் செலவைச் சுருக்குவதன் அடையாளமாக இருக்கலாம். இந்த வாரமே குழந்தை நல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ரத்தத்தில் பொட்டாசியம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். மனநல மருத்துவரையும் சேர்த்துப் பார்ப்பது இதில் வழக்கமான சிகிச்சை முறைதான். மயக்கம் வந்தாலோ, ஒரு நாள் முழுக்க எதுவும் சாப்பிடாமல் இருந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் எடை பார்க்கும் கருவியை எடுத்து வைத்துவிடுங்கள். அவள் முன்னால் யாருடைய உடம்பைப் பற்றியும், உங்களுடையதைப் பற்றியும்கூட, பேச வேண்டாம். சாப்பிடு என்று கத்துவதோ கெஞ்சுவதோ வேண்டாம். அவள் தட்டில் வழக்கமான உணவை வைத்து, நீங்களும் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள்.