டிரேட்மார்க் யார் பேரில் இருக்கிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தென்னாப்பிரிக்காவிலிருந்து மொரீஷியஸ், ரீயூனியன், லண்டன் என்று வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் எழுதியவை. மகிழ்ச்சி. ஆனால் என்ன பொருள், எந்த நாட்டில் விற்கிறீர்கள், டிரேட்மார்க் யார் பேரில் இருக்கிறது, இந்த மூன்றும் இல்லாத கடிதத்துக்கு நான் என்ன பதில் எழுதுவது? அப்படி வந்த நான்கை ஒதுக்கி வைத்திருக்கிறேன். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): எங்கள் ஊதுவத்திக்கு இங்கே டிரேட்மார்க் பதிகிற அரசு அலுவலகமான சிஐபிசியில் டிரேட்மார்க் வாங்கிவிட்டோம். போட்ஸ்வானாவும் நமீபியாவும் நம்முடைய சுங்க ஒன்றியம்தானே, அங்கேயும் அது செல்லும் இல்லையா?

பதில்: செல்லாது. சுங்க ஒன்றியம் வரிக்கு மட்டும். 1910இலிருந்து இருக்கிற ஏற்பாடு அது. இன்றைக்கு நம்மையும் சேர்த்து அதில் ஐந்து நாடுகள். டிரேட்மார்க் பதிவேடும் ஐந்து. லாரி எல்லையைத் தாண்டிப் போகும், உங்கள் பதிவு ஒன்றியத்துக்கு வெளியே இருக்கும் ஜிம்பாப்வே எல்லையான பெய்ட்பிரிட்ஜிலும் நிற்கும், ஒன்றியத்துக்குள்ளேயே இருக்கும் போட்ஸ்வானா எல்லையான ராமட்லபாமாவிலும் நிற்கும். இங்கே விண்ணப்பித்த ஆறு மாதத்துக்குள் அங்கேயும் விண்ணப்பித்திருந்தால் இங்கே போட்ட தேதியையே அங்கேயும் கோரியிருக்கலாம். நீங்கள் ‘வாங்கிவிட்டோம்’ என்று எழுதுகிறீர்கள், விண்ணப்பித்த தேதியை எழுதவில்லை. சான்றிதழ் கைக்கு வர இங்கே ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அதனால் அந்த ஆறு மாதம் போயிருக்கும் என்றே நினைக்கிறேன். போனால் போகட்டும், புதிய தேதியிலாவது இந்த வாரமே போடுங்கள். பொருட்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்துத்தான் பதிவார்கள், ஊதுவத்திக்கு 3ஆம் வகுப்பு.

கேள்வி (லெனேசியா): விண்ணப்பம் போட்டுவிட்டேன். லேபிளில் வட்டத்துக்குள் ஆர் போடலாமா?

பதில்: கூடாது. பதிவாகாததைப் பதிவானது போலக் காட்டுவது நம் டிரேட்மார்க் சட்டப்படி குற்றம். சான்றிதழ் வரும்வரை டிஎம் போதும். இங்கே பதிவாகி அங்கே பதிவாகாத நாட்டுக்கு அனுப்பும் லேபிளிலும் இதே எச்சரிக்கை.

கேள்வி (ஃபீனிக்ஸ்): எங்கள் மீன் மசாலாவை ரீயூனியனில் என் மைத்துனர் எடுத்து விற்கிறார். செயின்ட் டெனியில் இரண்டு கடை வைத்திருக்கிறார். ‘பிராண்டை இங்கே நானே என் பேரில் பதிந்துகொள்கிறேன், செலவும் என்னுடையது, உங்களுக்கு அலைச்சல் வேண்டாம்’ என்கிறார். நல்ல மனிதர், சந்தேகப்பட ஒன்றும் இல்லை. சரி என்று சொல்லிவிடலாமா?

பதில்: வேண்டாம். மைத்துனர் நல்லவராகவே இருக்கட்டும், அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நாளைக்கு அவர் கடையை விற்பார், கடன்படுவார், அல்லது அவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் கணக்குப் பார்ப்பார்கள். அன்றைக்கு உங்கள் மசாலாவின் பெயர் அவர் சொத்துப் பட்டியலில் இருக்கும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. டொங்காட்டில் என் சித்தப்பா மாங்காய் அச்சார் போட்டு விற்றவர். லேபிள் படத்தை வரைந்தது சித்தி: பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், நீலப் பால்பாயிண்ட் பேனாவால், ஒரு கிளையில் இரண்டு மாங்காய், ஒன்றின் காம்பு கொஞ்சம் கோணலாக. அச்சகத்தில் அந்தக் கோணலைத் திருத்தவா என்று கேட்டபோது சித்தப்பா வேண்டாம் என்றுவிட்டார். இங்கே டிரேட்மார்க் அவர் பேரில் ஒழுங்காக இருந்தது. லண்டனில் சரக்கு எடுத்தது சொந்தத்தில் ஒருவர். அவரே தன் பேரில் அங்கே பதிந்துகொண்டார். 2006இல் சித்தப்பாவுக்கு அது தெரிந்துவிட்டது. பிரிட்டிஷ் சட்டத்தில் அப்போது இதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது: உரிமையாளரைக் கேட்காமல் ஏஜெண்ட் தன் பேரில் பதிந்தால், அதை ரத்து செய்யச் சொல்லலாம், உரிமையாளர் தன் பேருக்கே மாற்றித் தரச் சொல்லியும் கேட்கலாம். ஆனால் தெரியவந்த மூன்று ஆண்டுக்குள் கேட்க வேண்டியிருந்தது. சித்தப்பா கேட்கவில்லை. ‘கல்யாணம் காட்சியில் முகத்தில் முழிக்க வேண்டாமா’ என்பார். 2010இல், விலையைக் கூட்டச் சொன்னதற்கு அந்த மனிதர் வேறு இடத்தில் அச்சார் போடவைத்து அதே லேபிளில் விற்க ஆரம்பித்த பிறகுதான், என்னிடம் ஃபைலைக் கொண்டுவந்தார். கெட்ட எண்ணத்தோடு பதிந்தது என்று வேறு வழியில் வழக்காடியிருக்கலாம். அதற்கு லண்டன் வக்கீல் கேட்ட தொகை சித்தப்பாவின் இரண்டு வருட லாபம். லண்டன் வியாபாரத்தை விட்டுவிட்டார். அந்தக் கோணல் காம்பு மாங்காய் அங்கே இன்னொருவருக்காக விற்றுக்கொண்டிருந்தது. சித்தி கடைசிவரை அதைப் பற்றிப் பேசவே மாட்டார்.

அதனால் எழுதுகிறேன், கோபத்தோடேயே எழுதுகிறேன்: வெளிநாட்டில் உங்கள் சரக்கை எடுப்பவர் மாமனோ மச்சானோ யாராக இருந்தாலும், பதிவு உங்கள் பேரில், அல்லது உங்கள் கம்பெனி பேரில். செலவை அவர் ஏற்கட்டும், கணக்கில் கழித்துக்கொள்ளட்டும், விண்ணப்பதாரர் நீங்கள்தான்.

ரீயூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம் என்பதால் ஐரோப்பிய ஒன்றியத்தின் டிரேட்மார்க் அங்கே அப்படியே செல்லும். ஒரு வகுப்புக்கு 850 யூரோ பக்கம். அந்த ஒரே பதிவு பாரிஸ், மார்செய் வரைக்கும் உங்களுக்கு வேலை செய்யும். பிரான்சுக்கு மட்டும் போதும் என்றால் பிரெஞ்சு அலுவலகத்தில் இன்னும் குறைவு. நீங்கள் வெளியே இருப்பதால் ஐரோப்பாவில் ஒரு பிரதிநிதி வேண்டியிருக்கும். மைத்துனருக்கு ஒரு உரிம ஒப்பந்தம் போடுங்கள். அதில் இவை இருக்கட்டும்: டிரேட்மார்க்கையோ அதைப் போன்ற எதையுமோ, இணைய முகவரியையும் ஃபேஸ்புக் பக்கத்தையும் சேர்த்து, அவர் தன் பேரில் வைத்துக்கொள்ளக் கூடாது. மசாலா எங்கே, எப்படி அரைக்கப்பட வேண்டும் என்பது உங்கள் முடிவு. ஒப்பந்தம் முடிந்தால் மிச்சச் சரக்கை இத்தனை மாதத்துக்குள் விற்று முடிக்க வேண்டும். இதைக் கேட்டால் மைத்துனர் வருத்தப்படுவாரே என்று உங்கள் மனைவி சொல்லலாம். இப்போது கொஞ்சம் வருத்தப்பட்டால் பரவாயில்லை.

கேள்வி (வெருலம்): சென்னையில் எங்களுக்கு மசாலா பாத்திரம் அனுப்புகிற கம்பெனி ஒரே விண்ணப்பத்தில் பத்து நாட்டில் பதிந்திருக்கிறது. நம்மால் ஏன் முடியவில்லை?

பதில்: ஒரே விண்ணப்பத்தில் பல நாட்டில் பதிய வழிசெய்வது மாட்ரிட் உடன்பாடு, இந்தியா 2013இல் அதில் சேர்ந்தது. தென்னாப்பிரிக்கா சேரவில்லை. அதனால் நாம் நாடு நாடாகத்தான் போக வேண்டும். மொரீஷியஸ் 2023இல் சேர்ந்திருக்கிறது. அங்கே உங்களுக்கு உண்மையிலேயே இயங்கும் ஒரு கம்பெனி இருந்தால் அதன் பேரில் அந்த வழியைப் பிடிக்கலாம். பெயர்ப்பலகை மாட்டி ஒரு தபால்பெட்டி வைத்தால் போதுமா என்று கேட்காதீர்கள், போதாது. இன்னொன்று: அந்தச் சென்னைக் கம்பெனியின் பத்து நாட்டில் தென்னாப்பிரிக்கா இருக்காது. இங்கே யார் பேரில் பதிந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பிராண்டு தேடுதளம் இலவசம். நீங்கள் அவர்களுக்கு இங்கே விற்பனையாளர் என்றால், ‘நாமே பதிந்துவிடலாமா’ என்று யோசிக்க வேண்டாம். மேலே ஃபீனிக்ஸ் வாசகருக்கு எழுதியதை மறுபக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): ‘மதர் இன் லா’ என்ற பெயரில் காரப்பொடி கொண்டுவரப் போகிறேன். அந்தப் பெயரை எனக்கு மட்டும் என்று பதிய முடியுமா?

பதில்: டர்பன் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள். கடைக்குக் கடை மாமியார் பெயரில் காரப்பொடி குவிந்திருக்கும். வியாபாரத்தில் எல்லாரும் புழங்குகிற சொல்லை ஒருவருக்குத் தர மாட்டார்கள். உங்கள் வீட்டுப் பெயரோ, நீங்களே உண்டாக்கிய ஒரு சொல்லோ முன்னால் நிற்கட்டும், மாமியார் பின்னால் வரட்டும். பதிவாகப்போவது முன்னால் இருப்பது. 30ஆம் வகுப்பு. இங்கே அரசுக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 600 ரேண்ட் பக்கம்தான். வக்கீல் கட்டணம் வேறு.

கேள்வி (டர்பன்): காஞ்சிபுரத்தில் தறியிலிருந்தே எடுத்து விற்கிறேன். பக்கத்துக் கடையில் பாலியஸ்டரைக் காஞ்சிபுரம் பட்டு என்று பாதி விலைக்குத் தள்ளுகிறார்கள். புவிசார் குறியீடு இருக்கிறதே, அதை வைத்து நிறுத்த முடியாதா?

பதில்: உங்கள் வயிற்றெரிச்சல் நியாயம். ஆனால் அந்தக் குறியீடு இந்தியச் சட்டத்தில் பதிவானது, இந்தியாவில் செல்லும். இங்கே நிறுத்த வேண்டுமானால் வேறு கயிறு பிடிக்க வேண்டும். பாலியஸ்டரைப் பட்டு என்று விற்பது பொய் விவரணை. 1941ஆம் ஆண்டின் வணிகப் பொருள் குறிச் சட்டத்திலும் நுகர்வோர் சட்டத்திலும் அதற்கு இடம் இருக்கிறது. ஒரு சேலையை ரசீதோடு வாங்கி வையுங்கள். நூலைப் பிரித்துக் கொளுத்தினால் பட்டு முடி கருகும் வாடை அடிக்கும், பாலியஸ்டர் உருகி மணியாகும். அது உங்களுக்குத் தெரிந்துகொள்ள. புகாருக்கு ஆய்வகச் சான்று வேண்டும். உங்கள் சேலையில், அசல் பட்டு என்று சொல்லும் சில்க் மார்க் சீட்டு தொங்கட்டும்.

நம் நாட்டுக்கே இந்தச் சூடு பட்டிருக்கிறது. ரூய்போஸ் என்ற நம் தேநீர்ச் செடியின் பெயர் 1994இல் அமெரிக்காவில் ஒருவருடைய டிரேட்மார்க்காகப் பதிவாகிவிட்டது. செடர்பர்க் மலைப்பக்கத்தில் மட்டுமே விளைகிற செடி, அதன் பெயரைச் சொல்லி அமெரிக்காவில் விற்க இங்கே விளைவிக்கிறவர்களுக்கே தடை. பல வருடம் வழக்காடி 2005இல்தான் அது விலகியது. ஐரோப்பாவில் முழுப் பாதுகாப்பு 2021இல் கிடைத்தது.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): நான் இறக்குமதி செய்யும் காபித்தூளுக்கு இங்கே ஒரே விநியோகஸ்தர் நான்தான். இன்னொருவர் அதே தூளைத் துபாய் வழியாகக் கொண்டுவந்து குறைத்து விற்கிறார். இது போலிச் சரக்குதானே?

பதில்: இல்லை. கம்பெனியே போட்ட அசல் தூள் என்றால் அது போலி ஆகாது, டிரேட்மார்க்கை வைத்துத் தடுப்பது கடினம். ஆனால் உரிமம் பெற்ற இறக்குமதியாளர் மூலம் வரவில்லை என்று வாங்குகிறவருக்குத் தெரியும்படி அவர் அறிவிப்பு வைக்க வேண்டும். நுகர்வோர் சட்டம் சொல்கிறது. வைக்கவில்லை என்றால் அதைப் பிடியுங்கள். மற்றதைக் கம்பெனியிடம் பேசுங்கள், துபாய்க்கு யார் விற்றது என்பது அவர்களுக்குத் தெரியும்.

கேள்வி (டொங்காட்): எங்கள் பிராண்டு பெயரை அப்படியே அடித்த பாக்கெட்டுகள் கண்டெய்னரில் டர்பன் துறைமுகத்துக்கு வருவதாகக் கேள்விப்பட்டோம். சுங்கத்துறை தானாகவே நிறுத்துமா?

பதில்: நீங்கள் சொல்லாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்? 1997ஆம் ஆண்டு போலிப் பொருள் சட்டப்படி சுங்கத்துறையிடம் முன்கூட்டியே விண்ணப்பித்து, சான்றிதழ், அசல் பாக்கெட், போலியை அடையாளம் காணும் விதம் எல்லாம் கொடுத்து வைக்க வேண்டும். நஷ்டம் வந்தால் ஈடு செய்வேன் என்ற உறுதியும் கேட்பார்கள். பிடித்துவிட்டார்கள் என்றால் அப்புறம் தூங்கக் கூடாது: அறிவிப்பு வந்த மூன்று நாளுக்குள் போலீஸ் புகார் பதிவாகாவிட்டால் சரக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மாலை அறிவிப்பு வரும் என்றே நினைத்துத் தயாராக இருங்கள். மறுபடி கேட்கிறேன், அந்தச் சான்றிதழ் யார் பேரில்? கம்பெனி கைமாறி, பதிவேட்டில் இன்னும் அப்பா பேரே இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): லோகோ வரைந்தவருக்குப் பணம் கொடுத்துவிட்டேன். அது எனக்குச் சொந்தம்தானே?

பதில்: பணம் கொடுத்தால் மட்டும் பதிப்புரிமை கைமாறாது. நம் சட்டத்தில் வரைந்தவர்தான் உரிமையாளர், அவர் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கும்வரை. ஒரு பக்கம் போதும். வெளிநாட்டில் தகராறு வந்தால் அந்த ஒரு பக்கத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.

கேள்வி (வெருலம்): அம்மாவின் சாம்பார் பொடி அளவுகளுக்குக் காப்புரிமை வாங்கலாமா? மொரீஷியஸில் பொட்டலம் போடக் கொடுக்கப் போகிறோம்.

பதில்: வேண்டாம், கிடைக்கவும் கிடைக்காது. ரகசியமாக வையுங்கள். இங்கேயே வறுத்து அரைத்து இரண்டு கலவையாக அனுப்புங்கள், அங்கே சேர்க்கட்டும். அளவு எழுதிய தாள் கடல் தாண்ட வேண்டாம்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): கை வலிக்காமல் பிழிகிற மாதிரி, பிடி வளைந்த ஒரு முறுக்கு உரல் செய்தேன். எட்டு மாதம் முன்பு தீபாவளிச் சந்தையில் 40 விற்றது. இப்போது இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் கேட்கிறார்கள். என்ன பதிவு செய்யலாம்?

பதில்: சந்தைக்குப் போகுமுன் எழுதியிருக்க வேண்டும். விற்றுக் காட்டிய பொருள் புதியது அல்ல என்பதால் காப்புரிமை போயிற்று. இங்கே வடிவமைப்புப் பதிவுக்கு, வெளியிட்ட நாளிலிருந்து ஆறு மாதம் சலுகை. அதுவும் போயிற்று. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் 12 மாதம் தருகிறார்கள். உங்களுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. உரல் வேலை செய்யும் விதத்துக்கு அங்கே பதிவு கிடைக்காது. பிடியின் வளைவு, மேல்மூடியின் வடிவம் என்று கண்ணுக்குத் தெரிகிற தோற்றத்துக்குத்தான். பிரிட்டனுக்குத் தனி விண்ணப்பம். ஆறு பக்கத்திலிருந்தும் வெள்ளைப் பின்னணியில் படம் எடுங்கள், முறுக்கு மாவு ஒட்டாத புது உரலாக இருக்கட்டும். சந்தையில் கடை போட்ட ரசீதைத் தேடி எடுத்து, முதல் உரல் விற்ற தேதியை அதிலிருந்தே எழுதுங்கள்.