பசை டியூப்பும் தறிக்கூடத்துப் பில்லும்

கேள்வி: பவானி பக்கம் எட்டு விசைத்தறி போட்டு நடத்துகிறேன். சென்ற ஏப்ரலில், வீட்டில் அவ்வப்போது வரும் சில்லறை வேலைகளுக்காக, துப்பாக்கியில் மாட்டிப் பிழியும் பசை டியூப் பன்னிரண்டு ஈரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடையில் வாங்கினேன். பெட்டியாக எடுத்தால் விலை குறையும் என்றார் கடைக்காரர். ‘ஆணியே வேண்டாம், ஐம்பது கிலோ தாங்கும்’ என்றும் சொன்னார். ஜனவரியில் சமையலறைச் சுவரில் பலகை ஒட்டினேன். மூன்றாம் வாரம் மிக்ஸியோடு விழுந்து, அம்மாவைப் பெற்ற அம்மிச்சியின் பாத எலும்பு முறிந்துவிட்டது. செலவு 61,000 ரூபாய். கேட்கப் போனவனை நாலு பேர் முன்னால் கேவலமாகப் பேசினார். அவர் எங்களுக்குப் பங்காளி முறை. இரண்டு குடும்பத்துக்கும் குலதெய்வம் ஒன்று. இப்போது பெரியவர் ஒருவர் மூலம் 15,000 தருவதாகச் சொல்லி அனுப்புகிறார். எனக்குப் பணம் பெரிதல்ல. காலாவதியான சரக்கை விற்றதற்காகப் போலீஸ் புகாரும், பத்து லட்சம் கேட்டு நுகர்வோர் வழக்கும் போட வேண்டும். அம்மிச்சி பெயரில் போடலாமா?

பதில்: உங்கள் கடிதம் ஆறு பக்கம். அதில் நான்கு பக்கம் கடைக்காரர் பேசிய பேச்சு. வழக்குக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. பங்காளி முறை, அவர் வீட்டுக் கல்யாணத்தில் நீங்கள் எழுதிய மொய், குலதெய்வம் எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். போலீஸ் புகாரை மறந்துவிடுங்கள். பலகை விழுந்த கதையைக் கேட்டதும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

நான் முதலில் பார்த்தது நீங்கள் இணைத்திருந்த பில்லைத்தான். 4,106 ரூபாய். அதில் 626 ரூபாய் வரி. வாங்கியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் தறிக்கூடத்தின் பெயர் இருக்கிறது. அதன் கீழே ஜிஎஸ்டி எண். உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் அந்தப் பெயரிலும் எண்ணிலும்தான்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவரை நுகர்வோர் என்ற சொல்லுக்கு வெளியே நிறுத்துகிறது. நிறுவனத்தின் பெயரில் பில் இருந்தாலே கதவு சாத்தப்படும் என்பதில்லை. வாங்கியது யார் என்பதைவிட முக்கியமாக எதற்காக வாங்கினார் என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வணிக நோக்கம் என்று ஆட்சேபிப்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று 2024-இல் இன்னொரு தீர்ப்பும் வந்தது. ஆகவே வெறும் பெயரோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். என் கவலை அந்த 626 ரூபாய். கடைக்காரர் கணக்குத் தாக்கல் செய்ததும் அந்தப் பில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணில் தானாக வந்து உட்கார்ந்திருக்கும். உங்கள் ஆடிட்டர் மாதாமாதம் செய்வதுபோல அதையும் உள்ளீட்டு வரி வரவாக, அதாவது தொழிலுக்கு வாங்கியதில் கொடுத்த வரியை நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுத்திருப்பார். நீங்கள் அதைக் கவனித்திருக்கவே மாட்டீர்கள்.

சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளுக்கு வரி வரவு எடுக்கக் கூடாது என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு சொல்கிறது. அப்படியென்றால் நீங்கள் தறிக்கு வாங்கியதாக வரித்துறையிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள். ஆணையத்தில் வீட்டுக்கு வாங்கியதாக உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கப் போகிறீர்கள். ஒரே பில்லுக்கு இரண்டு கதை. எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு பொய்யைக் கண்டுபிடிக்க அலைய வேண்டியதில்லை. நீங்களே அதை எண்ணோடும் தேதியோடும் எழுதி வைத்திருக்கிறீர்கள்.

கொங்கு நாட்டில் நான் அதிகம் பார்த்த விபத்து இது. இங்கே வீட்டுக்கு ஒரு தொழில். வாட்டர் ஹீட்டர் வாங்கினாலும், வீட்டுக்குப் பெயின்ட் வாங்கினாலும் ‘கம்பெனி பேரில் போட்டுவிடுங்கள்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். திருப்பூரில் பனியன் தொழில் செய்யும் ஒருவர், வீட்டுக்கு வாங்கிய ஹீட்டர் வெடித்ததற்கு வழக்குப் போட்டார். சேதம் உண்மை, காயமும் உண்மை. எதிர்த்தரப்பு எழுத்துமூலமாக ஒரே கேள்வி அனுப்பியது: ‘இந்தப் பில்லுக்கு வரி வரவு எடுத்தீர்களா?’ ஆம் என்றால் நுகர்வோர் இல்லை. எடுத்தது தவறு என்றால் வரித்துறைக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் ஒரு வாரம் தூங்கவில்லை. எத்தனையோ மாதம் நடத்திய வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போனார். நான்தான் அவருடைய வக்கீல். வழக்குப் போடும் முன் கணக்கைக் கேட்காமல் விட்டது என் தவறு. அன்றிலிருந்து நுகர்வோர் வழக்கென்று யார் வந்தாலும் முதலில் கேட்பது பில்லைத்தான்.

அம்மிச்சி பெயரில் போடுவது இதைத் தாண்டும் வழி என்று நினைக்கிறீர்கள். வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்தியவரும் நுகர்வோர்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாங்கிய நோக்கம் என்ன என்ற கேள்வி அவர் பின்னாலும் வரும். பதில் சொல்ல உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

வாங்கிய பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது என்பதால் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். போட்ட பிறகு என்ன நடக்கும் என்று சொல்கிறேன். சோதித்துப் பார்த்தால்தான் குறை தெரியும் என்ற நிலை வந்தால், மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் நுகர்வோர் சட்டத்தின் 38-ஆம் பிரிவில் ஆணையத்துக்கு இருக்கிறது. அந்தச் செலவை முதலில் கட்ட வேண்டியவர் நீங்கள். கட்டிய பிறகு அறிக்கை உங்களுக்கு எதிராக வரும் என்றே நினைக்கிறேன். நீங்கள் அனுப்பிய ஏழு படங்களில் ஆறு அம்மிச்சியின் கால். ஏழாவது படத்தில் விழுந்த பலகை குப்புறக் கிடக்கிறது. அதன் முதுகில் பசை பட்ட இடமெல்லாம் வெள்ளையாக, காசு கனத்துக்குச் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பசை பலகையைவிட்டு வரவில்லை. பல வருடம் அடித்த வெள்ளையடிப்புதான் சுவரைவிட்டு உரிந்து வந்திருக்கிறது. பசையை மேல்பூச்சின் மேல் தடவினால் அது பிடிப்பது மேல்பூச்சைத்தான். கொத்தனார் யாரைக் கேட்டாலும் படத்தைப் பார்த்ததும் சொல்லிவிடுவார்.

காலாவதிச் சரக்கு என்ற குற்றச்சாட்டும் நிற்காது. அதே படத்தின் ஓரத்தில் இருக்கும் டியூப்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாங்குவதற்கு முந்தைய நவம்பரில் தயாரித்தது, ஆயுள் பன்னிரண்டு மாதம். கடையைவிட்டு வந்த நாளில் இன்னும் ஏழு மாதம் மீதி இருந்தது. நவம்பரில் காலாவதியானது உங்கள் பரணில். மேலே தகரக் கூரை, நடுவில் ஈரோட்டுக் கோடை. பிரித்த டியூப்பின் மூக்கில் அடைப்பாக ஒரு ஆணி. ‘குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைக்கவும்’ என்று டியூப்பில் அச்சிட்டிருப்பதை வரி விடாமல் படித்துக் காட்டுவார்கள். தவறாகப் பயன்படுத்திய பொருளுக்காக விற்றவர்மேல் பொருள் பொறுப்பு வழக்கு, அதாவது பொருளால் வந்த கேட்டுக்கு இழப்பீடு கேட்கும் வழக்கு, போட முடியாது என்கிறது அதே சட்டத்தின் 87-ஆம் பிரிவு. பலகை ஒட்ட ஒரு டியூப் போதும். விலை குறைகிறது என்று பன்னிரண்டு எடுத்ததில்தான் இந்தத் தேதிச் சிக்கல் முழுவதும் பிறந்தது.

உங்கள் பக்கம் ஒரே ஒரு பலம் இருக்கிறது. அதை நீங்கள் அரை வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். ‘ஆணியே வேண்டாம், ஐம்பது கிலோ தாங்கும்.’ தயாரிப்பாளர் சொல்லாத உறுதியை விற்றவர் தன் வாயால் கொடுத்து, பொருள் அப்படி இல்லாமல் போய், அதனால் கேடு வந்தால் விற்றவரே பொறுப்பு என்று 86-ஆம் பிரிவு சொல்கிறது. வாய்ச்சொல்லுக்குச் சாட்சி ஏது என்று கேட்டிருப்பேன். ஆனால் உங்கள் வாட்ஸ்அப் உரையாடலில் அவரே பதில் போட்டிருக்கிறார்: ‘நான் சொன்னது புது டியூப்புக்கு.’ சொன்னதை ஒப்புக்கொண்டுவிட்டார். இதைப் படித்த அவருடைய வக்கீல் சொல்லித்தான் 15,000 வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தக் கைப்பேசியை மாற்றாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள்.

அதே பலத்தை நீங்களே கெடுத்துக்கொண்டும் இருக்கிறீர்கள். ஊர் வாட்ஸ்அப் குழுவில் கடையின் பெயரைப் போட்டு ‘காலாவதி சரக்கு விற்கும் மோசடிக்காரன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். டியூப்பில் இருக்கும் தேதி அதைப் பொய்யாக்குகிறது. அவதூறு, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் வருகிறது. இரண்டு ஆண்டு வரை சிறை என்று இருக்கிறது. இன்றே படம் எடுத்து வைத்துக்கொண்டு அந்தப் பதிவை நீக்குங்கள். வழக்குக்கு வந்தவர் எதிர்வழக்கில் குற்றவாளியாக நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது அம்மிச்சியின் காலைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சமாதானமாகப் போங்கள். பெரியவரிடம் முப்பதாயிரம் கேளுங்கள், இருபத்தைந்துக்கு இறங்குங்கள். பதினைந்தில் அவர் பிடிவாதமாக நின்றால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். பத்து லட்சம் என்ற எண் உங்கள் கோபத்தின் அளவு. எந்த ஆணையத்திலும் இந்த ஆவணங்களோடு அது கிடைக்காது.

ஒப்பந்தம் எழுதும்போது கவனமாக இருக்க வேண்டும். அடிபட்டவர் அம்மிச்சி. கையெழுத்து அவருடையதாக இருக்க வேண்டும், பணம் அவருடைய வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். நீங்கள் மட்டும் கையெழுத்துப் போட்டால், நாளைக்கு உங்கள் மாமன் யாராவது ‘எங்கம்மாவுக்கு என்ன கொடுத்தாய்’ என்று கடை வாசலில் போய் நிற்பார். அந்தப் பயத்திலேயே கடைக்காரர் பணம் தர இழுப்பார். கோயிலில் வைத்து ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கியதற்கும் கொடுத்ததற்கும் எழுத்து இருக்காது. மீதியுள்ள டியூப்களையும் அசல் பில்லையும் அவர் திருப்பிக் கேட்பார். பணம் கணக்கில் ஏறும் வரை ஒன்றும் கொடுக்க வேண்டாம். வழக்குப் போடுவதற்கான இரண்டு ஆண்டுக் காலவரம்பு ஓடிக்கொண்டிருக்கிறது. சமாதானப் பேச்சு நடக்கிறது என்பதற்காக அது நிற்காது. பொருள் வாங்கிய நாளிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று அவர்கள் வாதாடுவார்கள், ஆகவே நீங்களும் அந்த ஏப்ரலிலிருந்தே எண்ணுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் ஆடிட்டரைப் பாருங்கள். அந்தப் பில்லுக்கு வரவு எடுத்திருந்தால் 626 ரூபாயை இந்த மாதக் கணக்கிலேயே திருப்பிவிடச் சொல்லுங்கள். வட்டி சேர்த்தாலும் எழுநூற்றுச் சொச்சத்துக்கு மேல் போகாது. பேச்சு முறிந்து வழக்குத்தான் என்று ஆனால், வரவைத் திருப்பியதற்கான சலானின் நகலோடு என்னிடம் வாருங்கள்.