டானிக் பாட்டிலை மூடுங்கள்

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து அக்கா நோய் திரும்பாமல் இருக்க ஒன்றரை வருடமாகத் தமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறார். ஸ்கேனில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று வந்திருக்கிறது. மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு லிவர் டானிக் கொடுக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: லிவர் டானிக்! இந்தப் பக்கத்தில் அதைத் திட்டி நாளாகிவிட்டது. எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. கொழுப்பு படிந்த ஈரலுக்குச் சர்க்கரைப் பாகை வேளைக்கு ஒரு மூடி ஊற்றுகிற வைத்தியம் அது. உடனே கீழாநெல்லிக் கட்சியினர் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த 1988 கட்டுரையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வழக்கமாக வருகிறவர்கள்தான். சென்னையில் நடந்த ஆய்வு, உண்மை. ஆனால் அது ஹெபடைடிஸ் பி கிருமிக்கு; பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. கிருமி வழக்கிலேயே நிற்காத சாட்சியைக் கொழுப்பு வழக்கில் எதற்குக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்? கொரோனா சமயத்தில் சீந்தில் கொடியைக் காய்ச்சிக் குடித்து, ஈரல் கெட்டு மும்பை ஆஸ்பத்திரியில் படுத்தவர்களும் உண்டு.

சரி, அக்கா. தமாக்சிஃபென் ஈரலில் கொழுப்பைச் சேர்க்கும்தான். பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்தில், அதுவும் எடை கூடினவர்களுக்கு. ஆனால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள (அந்த ஹார்மோனைப் பிடித்து வளரும்) கட்டிக்கு அதை 5 வருடம் விடாமல் சாப்பிட்டால், அந்த நோயால் சாவது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஃபேட்டி லிவரால் புற்றுநோய் திரும்புமா என்பதில் ஆய்வுகள் ஆளுக்கொன்று சொல்கின்றன. மாத்திரையைப் பாதியில் விட்டால் ஆபத்து என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. தானாக நிறுத்தக் கூடாது.

‘கிரேடு 1’ என்பது கொழுப்பின் கணக்கு. பயப்பட வேண்டியது ஈரலில் விழும் தழும்புக்கு. அதை அந்த ஸ்கேன் சொல்லாது. தழும்பு இருக்குமா என்று கணிக்க ஒரு வெள்ளைத்தாளும், எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி (இரண்டும் ஈரல் என்சைம்கள்), பிளேட்லெட் உள்ள ரத்த ரிப்போர்ட்டும் போதும்: வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள். எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தைப் பிளேட்லெட்டால் பெருக்கி, முதல் தொகையை இதனால் வகுங்கள். வயது 52, எஸ்ஜிஓடி 40, எஸ்ஜிபிடி 49, பிளேட்லெட் 2 லட்சம் என்றால் 2080-ஐ 1400-ஆல் வகுக்க, 1.49. பிளேட்லெட்டை ஆயிரத்தில் கணக்கிட்டு 200 என்று எழுத வேண்டும், ரிப்போர்ட்டில் ‘2.0 லட்சம்’ என்று இருப்பதைப் பார்த்து 2 என்று போட்டால் விடை நூறு மடங்காகி வீடே அழும். கீமோ நடக்கும்போது எடுத்த ரத்த ரிப்போர்ட்டும் உதவாது. பிளேட்லெட்டும் என்சைமும் அப்போது தாறுமாறாக இருக்கும். விடை 1.3-க்குக் கீழே என்றால் (65 தாண்டினவர்களுக்கு 2) எடையைக் கவனித்தால் போதும். மேலே என்றால் ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன், 3 மணி நேரம் வெறும் வயிற்றில். 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே வந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. அதைத் தாண்டினால் ஈரல் டாக்டரும் புற்றுநோய் டாக்டரும் கலந்து பேசட்டும். மாதவிடாய் நின்றவர் என்றால் லெட்ரோசோல் என்ற வேறு மாத்திரைக்கு மாற்ற வழியுண்டு. எலும்பு தேயும், அதற்கும் பார்க்க வேண்டும். நிற்காதவருக்கு அது தனியாக வேலை செய்யாது.

மிச்சமெல்லாம் எடைதான். 70 கிலோ என்றால் 3.5 கிலோ இறங்கினாலே கொழுப்பு குறையும். தழும்பு இளக 7 கிலோ. அதற்கு முதல் எதிரி, ‘கீமோவில் துவண்ட உடம்பு தேறணும்’ என்று சித்தி, பெரியம்மாக்கள் வாங்கி வரும் டின் பவுடர். பாலில் கலந்து, மேலே இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்டுத் தருவார்கள். அக்காவுக்குப் பதில் நீங்கள் குடித்துவிடுங்கள்.