மணவாளக்குறிச்சி கடற்கரையில் நடந்தால் புற்றுநோய் வருமா?

கேள்வி கேட்டவர் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள இந்தக் கடற்கரையின் கருமணலைப் பார்த்துப் பயந்திருக்கிறார். கருப்பாக மினுங்குவது பெரும்பாலும் இல்மனைட் என்ற கனிமம். சிவப்பாகத் தெரிவது கார்னெட். இந்த மணலிலிருந்து வரும் கதிர்வீச்சுக்குக் காரணமான தோரியம் இருப்பது மோனசைட் என்ற இன்னொரு கனிமத்தில், அது தேன் நிறத்தில் பொடிப்பொடியாகக் கிடக்கும். 1909-இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இதைக் கண்டுபிடித்ததே வேடிக்கைதான்: நம் பக்கத்திலிருந்து கப்பலில் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்!

சரி, நோய்க்கு வருவோம். இதே மணல் உள்ள கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் சுமார் 70 ஆயிரம் பேரைச் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் கவனித்தார்கள். வீட்டுக்குள்ளும் வெளியிலும் கதிர்வீச்சை அளந்தார்கள். அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009-இல் முடிவு வெளியானது.

இதை வைத்து ஆபத்தே இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். மிகச் சிறிய கூடுதல் ஆபத்து இருந்தால், 70 ஆயிரம் பேரிலும் அது கண்ணில் படாமல் போகலாம். அப்புறம், அது கொல்லத்துக் கணக்கு. மணவாளக்குறிச்சிக்கு அப்படியே பொருத்த முடியாது. மணலைப் பிரித்தெடுக்கும் வேலையில் தூசியைச் சுவாசிப்பவர் கதையும் வேறு. சாயங்காலம் கடற்கரையில் காலாற நடப்பதற்கு மட்டும் யோசிக்க வேண்டாம்.