முதலில் மண், அப்புறம் செடி

அன்புள்ள ஐயா,

வாடகை வீட்டில் இருக்கிறேன். சின்ன பால்கனி, காலை வெயில் மட்டும் மூன்று மணி நேரம் வரும். போன வருடம் ஆசை ஆசையாகப் பத்துத் தொட்டிகளில் செடி வாங்கி வைத்தேன். தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் இரண்டே மாதத்தில் எல்லாம் பட்டுப்போயின. எனக்குக் கைராசி இல்லை என்கிறார்கள். மறுபடி பெரிதாகச் செலவு செய்யவும் முடியாது. என்ன செய்யலாம்?

— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கைராசி என்று ஒன்றும் கிடையாது. ‘தினமும் தவறாமல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அங்கேதான் சந்தேகம். வேருக்குக் காற்றும் வேண்டும். மண் எந்நேரமும் சொதசொதவென்று இருந்தால் வேர் மூச்சுவிட வழியில்லாமல் அழுகும். வேர் அழுகிய செடியும் வாடித்தான் நிற்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து நாம் இன்னும் ஊற்றுவோம். என் முதல் ரோஜாச் செடி அப்படித்தான் போனது. தொட்டியைக் கவிழ்த்தபோது வேர் பழுப்பாகக் கூழ்போல் கையோடு வந்தது. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இனி ஊற்றுவதற்கு முன் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்கு வேண்டாம்.

தொட்டிக்குச் செலவே வேண்டாம். பழையவை போதும், உடைந்த வாளியும் ஆகும். அடியில் நாலைந்து ஓட்டை இருக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். வெயிலில் பரப்பிக் காயவைத்து, கட்டிகளை உடைத்து வையுங்கள்.

அதில் கலக்க உரம் வேண்டும். அதை வீட்டிலேயே செய்துவிடலாம். ஓட்டை போட்ட ஒரு வாளியில் காய்கறித் தோல் ஒரு பங்கு, காய்ந்த இலை இரண்டு மூன்று பங்கு என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். பிழிந்த துணி அளவுக்கு ஈரம் இருந்தால் போதும். நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம், உள்ளே காற்றுப் போகவில்லை என்று அர்த்தம். காய்ந்த இலையை இன்னும் சேர்த்துக் கிளறுங்கள். சரியாக மக்க இரண்டு மூன்று மாதமாவது ஆகும். தோல் எது, இலை எது என்று தெரியாமல் கறுத்து உதிர்ந்து, மழை பெய்த மண்ணின் வாசம் வரும்போது எடுக்கலாம். மண் மூன்று பங்குக்கு இது ஒரு பங்கு.

தக்காளி, மிளகாய் எல்லாம் இப்போது வேண்டாம். அவற்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். உங்கள் பால்கனியில் ஏமாற்றம்தான் மிஞ்சும். கீரையும் புதினாவும் அந்த வெயிலுக்கே வரும். கீரைக்கு ஒரு சாண் ஆழ மண் போதும். பத்துத் தொட்டியும் வேண்டாம், இரண்டில் ஆரம்பியுங்கள்.

உரம் ஆகும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. சமையலுக்கு வாங்கும் புதினாவில் தண்டு திடமான நாலைந்தை எடுத்து, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் கணுவிலிருந்து வெள்ளை நூல்போல வேர் இறங்கும். இரண்டு விரற்கடை நீளம் வந்ததும், காயவைத்த மண்ணிலேயே நட்டு, மூன்று நாள் நிழலில் வையுங்கள். உரத்தை அப்புறம் மேலாகப் போட்டுக்கொள்ளலாம்.

வேர் விட்டதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.